செல்வமேரி பறித்த காளான்

பதுளை வந்துவிட்டது என்று எல்லோரும் பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்ட பிறகு ரயில் நின்றது. ஒரு பக்கம் தேயிலை. இன்னொரு பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் ஈரமான மண்சுவர். முன்னால் தண்டவாளத்தில் மண் விழுந்து கிடக்கிறதாம். யாரும் பதறவில்லை. எதிர் இருக்கையில் இருந்த சிங்கள அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய, வெரளிக்காய் என்கிற பச்சைக் காயை என் பக்கம் நீட்டினார். அவர் சொன்னதை மகள் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள்: "இந்த வருடம் மலை ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது என்கிறார் அம்மா. நீங்கள் எங்கே போகிறீர்களாம்?"

பூனாகலைக்கு என்றேன். எதற்கு என்று கேட்டார். ஒரு காளானைப் பார்க்க என்றேன். மகளுக்கு அதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று தயக்கம். ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. "சாப்பிடவா, பார்க்க மட்டுமா?" என்று கேட்டார்.

பார்க்க மட்டும் என்றேன். வெரளிக்காய் புளித்தது. குன்னூரில் பள்ளிக்கூட வாசலில் விற்கிற நெல்லிக்காயை நினைவூட்டினாலும் இது வேறு மாதிரி, நாக்கில் மாவாக ஒட்டுகிற புளிப்பு.

நான் குன்னூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். காளான் என் பாடமல்ல, ஆசை. மழைக்காலத்தில் காட்டோரம் குனிந்துகொண்டே நடக்கிற பெண்மணி என்று ஊரில் பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயரால்தான் போன வருடம் கோத்தகிரி மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவர், சமைக்காமல் பாத்திரத்தில் மிச்சமிருந்த காளானைக் கொடுத்தனுப்பி, இது என்னவென்று கேட்டார்.

அது பவளக் காளான் வகை. குடை கிடையாது, குடைக்கு அடியில் வரிவரியான செவுள் கிடையாது. கடலுக்கடியில் இருக்கிற பவளக்கொடி மாதிரி, ஒரே அடியிலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளைவிடும். அந்தக் குடும்பத்தில் நெருங்கிய சொந்தக்காரர்கள் நிறைய. சிலதைச் சாப்பிடலாம். சிலது வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். அப்படிப் புரட்டுகிறதில் நல்ல உடம்புக்காரர்கள் ஒரு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்தப் பாத்திரத்துக் காளானைச் சாப்பிட்ட அருளப்பன் எழவில்லை. ஏற்கெனவே அவருக்குச் சிறுநீரகம் பழுது. உடம்பில் நீர் வற்றிப்போனதும் அது மொத்தமாகக் கைவிட்டுவிட்டது.

காளானைப் பறித்ததும் சமைத்ததும் அவர் மனைவி செல்வமேரி. அவளும் அதே சட்டியில்தான் சாப்பிட்டாள். இரண்டு நாள் படுத்துப் பிழைத்துக்கொண்டாள்.

செல்வமேரி பூனாகலையில் பிறந்தவள். சின்ன வயதில் அம்மா அப்பாவோடு கப்பலேறி வந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவள். அப்படி வந்தவர்களை எங்கள் பக்கம் இன்றைக்கும் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள். அருளப்பன் உள்ளூர்க்காரர். அவர் இறந்த பிறகு அவருடைய தம்பி வீட்டில், சிலோன்காரி ஊர் தெரியாமல் கண்டதையும் ஆக்கிப்போட்டுக் கொன்றுவிட்டாள் என்று பேசினார்கள். ஒரே மகன் ஜெயராஜ் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அப்பாவைப் புதைத்த பிறகு அவன் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

அவள் என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்தாள். ஒரே ஒரு கேள்விதான். "மிஸ், எங்க ஊர்ல அம்மா ஆக்கிக் குடுத்ததும் இதுதானா? கோழிக்கால் காளான்னு சொல்லுவோம். நா மாத்திப் பறிச்சிட்டனா?"

அவளுடைய அண்ணன் சூசை இன்னும் பூனாகலையில்தான் இருக்கிறார். அங்கிருந்து கைப்பேசியில் படம் அனுப்பினார். பழுப்பு நிறத்தில் ஒரு கொத்து. என்னிடம் இருந்ததும் பழுப்பு நிறத்தில் ஒரு கொத்துதான். படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வெட்டிப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். காய்ந்த காளானை நாடு விட்டு நாடு எடுத்துப்போவதும் கூடாது. அதனால் என்னுடைய காளானின் படங்களையும் நான் வரைந்த ஓவியங்களையும் பையில் வைத்துக்கொண்டு, அங்கே மழை பிடிக்கிற மாதமாகப் பார்த்துக் கிளம்பினேன்.

பதுளையில் சிவகௌரி டீச்சர் வீட்டில் தங்கினேன். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே பள்ளியில் உயிரியல் படிப்பிக்க வந்து இங்கேயே வேர் பிடித்துவிட்டவர். காளான் படங்களை இணையத்தில் பரிமாறிக்கொண்டு பழகிய சிநேகம். நேரில் பார்ப்பது அதுவே முதல்முறை. "வாங்கோ, வாங்கோ. ரயில் நிண்டிட்டுதாம். சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இடியப்பத்தைத் தட்டில் வைத்தார். தொட்டுக்கொள்ள சொதியும் சம்பலும். எங்கள் வீட்டில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும்தான். இனிப்பை எதிர்பார்த்து வாயைத் திறந்தவளுக்குச் சம்பல் கண்ணில் தண்ணீர் வரவைத்தது.

நான் கதை முழுவதையும் சொன்னேன். சிவகௌரி கோப்பைகளை எடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டும் வேற எண்டு வந்தால் அவவுக்கு என்ன சொல்லுவியள்?" என்றார்.

வேறு என்றுதான் சொல்வேன் என்றேன்.

"ஒண்டுதான் எண்டு வந்தால்?"

அப்போது அது காளானால் வந்த சாவு அல்ல, நோயால் வந்தது என்று ஆகிவிடலாம் என்றேன்.

"அப்ப நீங்கள் ஒண்டுதான் எண்டு வர வேணும் எண்டு நினைக்கிறியள்" என்றார் அவர். நான் மறுக்கவில்லை. சோதனைக்கு முன்பே முடிவை விரும்புவது என் தொழிலில் கெட்ட பழக்கம்.

மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறினோம். சிவகௌரி தன்னுடைய சின்ன நுண்ணோக்கியைத் துண்டில் சுற்றி, ஒரு பள்ளிக்கூடப் பையில் வைத்துக் குழந்தை மாதிரி மடியில் இடுக்கிக்கொண்டார். பண்டாரவளையில் இறங்கி மாறினோம். சந்தைப் பக்கம் லீக்ஸும் கேரட்டும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஊட்டி மண்டிக்குள் நுழைந்த மாதிரியே குளிர், அதே ஈரச் சாக்கு வாசனை. தேநீர்க் கடையில் வெறும் தேநீருக்குப் பிளேன்டீ என்று பெயர். குன்னூரில் தேயிலைக்கு நடுவிலேயே இருந்துகொண்டு பால் கலந்து பாயசம் மாதிரிக் குடிக்கிற எங்களுக்கு, இவர்கள் குடிப்பதுதான் தேயிலை என்று தோன்றியது.

பூனாகலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். எங்கள் தோட்டங்களில் இப்போது கத்திரியால் வெட்டுகிறார்கள், மெஷினும் வந்துவிட்டது. இங்கே பெண்கள் இன்னும் விரலால்தான் கொழுந்து கிள்ளுகிறார்கள். முதுகுச் சாக்கின் கயிறு நெற்றியில் இருக்கிறது. எங்கள் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், இங்கே டர்பன்டைன் மரம். அதே மரம், அதே உரிகிற பட்டை. அந்த மரங்களுக்கு அடியில்தான் செல்வமேரி கோத்தகிரியில் காளான் பறித்தாள்.

சூசை அண்ணன் சந்தியில் குடையோடு காத்திருந்தார். ஒல்லியான மனிதர். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்துவிட்டு, இப்போது கொஞ்சம் காய்கறி போடுகிறார். "வாங்க மிஸ். தங்கச்சி முந்தாநாளே போன் பண்ணிருச்சு. மழையில வழுக்கும், பாத்து வாங்க" என்றார். என் பையை அவர் வாங்கிக்கொள்ள, சிவகௌரியின் பையை மட்டும் சிவகௌரி விடவில்லை.

அவர்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலைச்சரிவு ஒன்று இருந்தது. இருந்தது என்று இறந்தகாலத்தில்தான் சொல்ல வேண்டும். போன மழையில் அது அப்படியே வழிந்து இறங்கி ஓடையை அடைத்துவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் அங்கே யாரும் போகக்கூடாது என்று அதிகாரிகள் நாடா கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அங்கதான் மிஸ் அம்மா காளான் பொறுக்கும்" என்று சூசை அண்ணன் கையைக் காட்டினார். செம்மண் மட்டும் தெரிந்தது. "நா படம் அனுப்புனது அங்க எடுத்ததுதான். அதுக்கப்பறம் மண்ணு எறங்கிருச்சு. போன்ல சொன்னா நீங்க வராம இருந்துருவீங்களோன்னு சொல்லல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் நின்றோம்.

உள்ளே அவர் மனைவி ரோசம்மா தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அடுப்பிலிருந்து கைக்கு, கையிலிருந்து தட்டுக்கு. வெங்காயமும் மிளகாயும் இடித்த கட்டைச்சம்பலோடு நான் அளவு மறந்து சாப்பிட்டேன். ரோசம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை என்று நினைத்தேன். காளான் பேச்சு எடுத்ததும் பேசினார்.

"எங்க அண்ணன் வீடு கொஸ்லந்தைக்கு இந்தப் பக்கம் இருக்கு மிஸ். அந்தத் தோட்டத்து மேக்காட்டுலயும் மொளைக்கும். நாளைக்குப் போவோம். மழை இப்பிடியே விட்டு விட்டுப் பேஞ்சா கட்டாயம் இருக்கும்."

அன்று சாயங்காலம் சூசை அண்ணன் பழைய கதை சொன்னார். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் பேசியிருந்தார்கள். அம்மா, அப்பா, தங்கச்சி மூவரும் இந்தியா போவதென்று ஆனது. அவர் ரோசம்மாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டார். "ரெண்டு மூணு வருசத்துல போய்ப் பாத்துட்டு வரலாம்னுதான் நெனச்சோம். அப்பறம் சண்டை, கப்பல் நின்னுச்சு. அம்மா செத்ததுக்குக்கூடப் போகல. இப்பத்தான் இந்த போன்ல மூஞ்சியப் பாக்கறோம்." அவர் சொன்ன தொனியில் குறை இல்லை. எப்போதோ வாங்கி மறந்துபோன நோவைத் தடவிப் பார்க்கிற மாதிரி சொன்னார்.

மறுநாள் கொஸ்லந்தைப் பக்கம் போகிற பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. ஓட்டுநர் இறங்கி, எஞ்சினைத் திறந்து, கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துவிட்டு மூடினார். நடத்துநர் சிங்களத்தில் சொன்னதைச் சிவகௌரி எனக்குச் சொன்னார்: "காத்திருக்கிறவை காத்திருக்கலாம், நடக்கிறவை நடக்கலாம், ரெண்டுக்கும் ஒரே காசு எண்டு சொல்லுறார்." பஸ் முழுக்கச் சிரித்தது. முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. மூட்டைகளுக்கு மேலே நாங்கள் நான்கு பேர், நடுவில் நுண்ணோக்கி.

மேல்காட்டுக்கு ஏறும்போது ரோசம்மா எங்கள் கால்களில் சோப்பை நன்றாகத் தேய்த்துவிட்டார். அப்படியும் அட்டை ஏறியது. மழை தூறிக்கொண்டே இருந்தது. நான் குனிந்து, சருகை விலக்கி, எழுந்து, மறுபடியும் குனிந்தேன். கண்ணில் பட்டதெல்லாம் மற்ற காளான்கள். ஒரு கட்டத்தில் சிவகௌரி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தா இருக்கு" என்றார் ரோசம்மா, நாங்கள் கடந்துபோன இடத்திலிருந்தே.

ஈரச் சருகுக்குள்ளிருந்து பூக்கோசு மாதிரி தடித்த வெள்ளை அடி. அதிலிருந்து வெள்ளைக் கிளைகள் நெருக்கமாக எழும்பியிருந்தன. ஒவ்வொரு கிளையின் நுனியும் பீட்ரூட் சாற்றில் தோய்த்து எடுத்த மாதிரி சிவந்திருந்தது.

எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கோத்தகிரியில் நான் அதற்குப் பிறகு அதே மரங்களுக்கு அடியில் தேடிப்போய் எடுத்த இளம் கொத்துகள் இதற்கு நேர் தலைகீழ். அங்கே கிளைகள் இளஞ்சிவப்பு, நுனி மஞ்சள். இருந்தாலும் கத்தியை எடுத்து அடியை நீளவாக்கில் வெட்டினேன். எங்கள் காளானை வெட்டினால் வெட்டுவாய் பழுப்பேறும். இது வெள்ளையாகவே இருந்தது. ஒரு துளியை நாக்கில் வைத்துத் துப்பினேன். எங்களுடையது கசக்கும். இது கசக்கவில்லை.

"என்னா மிஸ்?" என்றார் சூசை அண்ணன்.

கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

அடுத்த பத்தடியில் முற்றிய கொத்து ஒன்று இருந்தது. பல நாள் மழையில் சிவப்பு முழுவதும் கழுவிப்போய், வெறும் பழுப்பாகத் தளர்ந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு மனம் கனத்தது. அப்படியே, அசல், செல்வமேரியின் பாத்திரத்திலிருந்து எனக்கு வந்த காளான். முற்றிவிட்டால் இரண்டு இனமும் ஒரே நிறம், ஒரே உருவம். கையில் வைத்துக்கொண்டு நானே ஆணையிட்டுச் சொல்லியிருக்க மாட்டேன்.

ரோசம்மாவின் அண்ணன் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சிவகௌரி நுண்ணோக்கியை நிறுத்தினார். வித்துகள் இரண்டு காளானிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் எங்களுடையதில் வித்தின் மேல்தோல் முழுக்கச் சிறு மருக்கள் இருக்கும். இதில் மரு இல்லை. நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடின. நான் பார்த்தேன், சிவகௌரி பார்த்தார், மறுபடி நான் பார்த்தேன். இரண்டும் ஒரே பேரினம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆனால் இரண்டு இனம். சரியான பெயர் சொல்ல மரபணு பார்க்க வேண்டும். வேறு என்று சொல்ல இதுவே போதும்.

"வேறதான்" என்றேன்.

சூசை அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தார். ரோசம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிருங்க மிஸ். செத்தவரு செத்துட்டாரு. நீங்க சொன்னா அவ நம்புவா. நிம்மதியா இருந்துட்டுப் போறா."

நான் சிவகௌரியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பிடிச் சொன்னால் அவ அதைத் திரும்பவும் பறிப்பா அம்மா. இல்லாட்டி அவவைப் பாத்து வேற ஆரும் பறிப்பினம். அங்க இஞ்சத்தை ஆக்கள் கனபேர் இருக்கினமெல்லோ? அவையளுக்கும் இந்த ருசி நினைவிருக்கும்தானே."

அது உண்மை. எங்கள் பக்கம் தோட்டம் தோட்டமாக இவர்கள் ஊர்க்காரர்கள்தான். ரோசம்மா உள்ளே போனார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க" என்றேன்.

சூசை அண்ணன் நிமிரவில்லை. "அம்மா முத்துனத எடுக்காது மிஸ். கொண்டை செவந்திருந்தாத்தான் எடுக்கும். செவப்பு போச்சுன்னா காலால எத்திட்டுப் போகும். நா கூடப் போவேன், எனக்குத் தெரியும். தங்கச்சி பொட்டப்புள்ள, வீட்ல இருக்கும். நாங்க கொண்டாந்தா அம்மாவே கழுவி அரியும். வேகும்போது எல்லாம் பழுப்பாத்தானே போகும். தங்கச்சி பாத்தது சட்டியில வெந்தத மட்டுந்தான்." பிறகு சொன்னார்: "இத நா ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். போன்ல எம்புட்டோ பேசுறோம். மழையா, வெயிலான்னு பேசுறோம். காளானப் பத்தி ஏன் பேசப் போறோம்."

அவள் கேட்டிருக்கவும் மாட்டாள். தெரியும் என்று நினைக்கிற விஷயத்தை யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

என்ன சொல்வது என்று நாங்கள் முடிவெடுக்கும் முன்பே செல்வமேரி அழைத்துவிட்டாள். காலையிலிருந்து காத்திருந்திருக்கிறாள். சூசை அண்ணன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற வேலியோரம் போய் நின்றார். சிறிய திரையில் செல்வமேரியின் முகமும், பின்னால் மாதா படமும்.

"கெடச்சுச்சா அண்ணே?"

அவர் பதில் சொல்லாமல் கைப்பேசியை என்னிடம் தந்தார். நான் இளம் கொத்தைத் திரைக்கு முன்னால் பிடித்தேன்.

அவள் முகம் திரைக்கு நெருங்கி வந்து நின்றது. படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். அவள் கண் இமைத்தது.

"செவப்பா இருக்கே" என்றாள்.

"ஆமாம்மா."

"நா பறிச்சது இது இல்ல மிஸ்."

"இல்ல. அது வேற இனம்."

நான் அடுத்த கொத்தையும் காட்டினேன். முற்றினால் இப்படித்தான் இரண்டும் ஒன்றாகிவிடும், யாராலும் சொல்ல முடியாது, நானே சொல்லியிருக்க மாட்டேன் என்று விளக்கினேன். வகுப்பில் பேசுகிற மாதிரி நீளமாகப் பேசினேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஆனா நாந்தானே மிஸ் பறிச்சேன்" என்றாள்.

சூசை அண்ணன் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "தங்கச்சி, அம்மா ஒனக்குச் சொல்லிக் குடுக்கல. நானும் சொல்லல" என்றார்.

"அண்ணி இருக்காங்களா?" என்றாள். "அத ஆக்கச் சொல்லுங்கண்ணே. நா பாக்கணும். நீங்க எல்லாரும் சாப்புடுறத பாக்கணும்."

ரோசம்மா சமைத்தார். நான் இதை எழுதும்போதே சொல்லிவிடுகிறேன், காளானைத் தெரியாதவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுச் சட்டியை எடுக்க வேண்டாம். இளம் கொத்துகளை மட்டும் பிரித்து, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினார். பிறகு வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். கைப்பேசியை அலமாரியில் ஒரு டின்னில் சாய்த்து வைத்திருந்தோம். சமையல் முடியும் வரை செல்வமேரி அதிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். படம் அறுபட்டால் மறுபடி அழைத்தாள். ஒருமுறை மட்டும், "அண்ணி, இன்னுங் கொஞ்சம் சுண்டட்டும், அம்மா சுண்டவப்பாங்க" என்றாள்.

நாங்கள் தரையில் உட்கார்ந்து ரொட்டியோடு சாப்பிட்டோம். சிவகௌரி மரக்கறிக்காரர், மீன்கூடத் தொடமாட்டார். காளானும் அவர் வீட்டில் சேராது. அவரும் ஒரு வாய் எடுத்துக்கொண்டார்.

"எப்பிடி இருக்குண்ணே?"

"நல்லாருக்கு தங்கச்சி" என்றார் சூசை அண்ணன். அவர் கண் கலங்கியிருந்தது.

"அம்மா ஆக்குன மாதிரி இருக்கா?"

"அப்பிடியேதான் இருக்கு."

"சரி. சாப்புடுங்க" என்றாள். அதன் பிறகும் அவள் துண்டிக்கவில்லை. நாங்கள் தட்டைக் கழுவும் வரை இருந்தாள்.

மறுநாள் சூசை அண்ணன் எங்களைப் பண்டாரவளை வரை கொண்டுவந்து விட்டார். தங்கைக்கு என்று ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் தந்தார். கோத்தகிரிக்குத் தேயிலையா என்று நான் கேட்கவில்லை. "அடுத்த வருசம் நா வாறேன்னு சொல்லுங்க" என்றார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று சிவகௌரி கேட்டார். எடுக்கணும் என்றார். மழைக்கு ஒதுங்கி மூவரும் ரயில் நிலையக் கூரைக்கடியில் நின்றோம். ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. இந்தப் பயணத்தில் சரியான நேரத்துக்கு வந்தது அது ஒன்றுதான், அன்றைக்குப் பார்த்துக் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம்.

ஊர் திரும்பியதும் இரண்டு காளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் வரைந்தேன். மேலே இளசு, அங்கே நிறம் வேறு. கீழே முற்றியது, அங்கே இரண்டும் ஒன்று. முற்றியதை எந்த ஊரிலும் தொடாதீர்கள் என்று எழுதினேன். அதைக் கொடுக்கக் கோத்தகிரிக்குப் போனேன். செல்வமேரி படத்தை நன்றாகப் பார்த்தாள். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் தானே எழுந்து நின்று சொல்லப்போவதாகச் சொன்னாள். யாரையாவது வைத்துச் சொல்லச் சொல்லலாமே என்றேன். "நா சொன்னாத்தான் மிஸ் பயப்படுவாங்க" என்றாள்.

சொன்னாளாம். அவளுடைய கொழுந்தன் குடும்பம் முன்வரிசையில் இருந்ததாம். என் வீட்டுக்காரர் செத்தது நான் பறித்த காளானால், ஊரில் சாப்பிட்டது என்று நினைத்துப் பறித்தேன், அது இல்லை, நீங்கள் பறிக்காதீர்கள். அவ்வளவுதான் பேசினாளாம். படத்தைப் பாதிரியார் வாசலில் ஒட்டியிருக்கிறார்.

நான் அடுத்த முறை போனபோது அவளே சொன்னாள், ஜெயராஜ் வந்திருந்தான் என்று.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. அந்தா, அந்த நாற்காலியில உக்காந்தான். பிளேன்டீ போட்டு வச்சேன். குடிக்கல. ஆறிப்போச்சு. எடுத்துட்டுப் போயி சூடு பண்ணி வச்சேன். அதுவும் ஆறிப்போச்சு." அவள் என் தம்ளரில் தேநீரை ஊற்றினாள். "ஆனா ரொம்ப நேரம் உக்காந்திருந்தான் மிஸ். கடைசி பஸ்ஸு வரைக்கும் இருந்தான்."